மணியைப் பாத்துக்கோ

"கோதை, மணியைப் பாத்துக்கோ. நான் குளிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவர் உப்பிலி குளியலறைக்குப் போனார்.

ஹால் மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அதில் சோடா உப்பு கரைத்த தண்ணீர். தண்ணீருக்குள் இரண்டு ஒயர்கள். ஒன்றின் நுனியில் என் சமையலறை ஸ்பூன். மற்றதன் நுனியில் ஒரு செப்புக்காசு, மாமல்லபுரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கி வந்தது. பச்சை பிடித்துச் சுண்டைக்காய் வற்றல் மாதிரி இருந்தது. என் கணவர் கல்லூரியில் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்றவர். மின்சாரம் விட்டால் பச்சை கழன்று ரோமாபுரி ராஜாவின் முகம் தெரியும், கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டால் ராஜாவே கழன்றுவிடுவார் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் மணியைப் பார்க்கச் சொன்னார். நான் "ம்" என்றேன். கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. என் "ம்" அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் நிற்கவேயில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துதான் கதவை உடைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அவர் தண்ணீர் மேலே படுவதற்கு முன்பே போயிருப்பார் என்றார்.

கிண்ணத்தை யாரும் நினைக்கவில்லை. செய்தி கேட்டுத் திருப்போரூரிலிருந்து ஓடி வந்த, அவரோடு காசு சேர்க்கும் நண்பர் அப்துல் மாலிக்தான் சுவரில் சுவிட்ச் விளக்கு எரிவதைப் பார்த்து அணைத்தார். ஒயரை இழுத்து வெளியே எடுத்தார். காசு சட்டைப் பொத்தான் மாதிரி வழவழவென்று இருந்தது.

"ராஜா பூட்டாரு மாமி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சுற்றி உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு இன்னும் பெரிதாக அழுதார்கள். மாலிக்குக்குத்தான் என் கணவர்மேல் எவ்வளவு பிரியம் என்று பிற்பாடு என்னிடம் சொன்னவர்களும் உண்டு.

*

எங்கள் வீடு செங்கல்பட்டில் இருக்கிறது. வாசலில் 'செங்கை நாணயச் சங்கம்' என்று பலகை. பழைய காசு சேர்ப்பவர்களின் சங்கம். தலைவர் என் கணவர். ஞாயிறுதோறும் மாலை ஹாலில் கூட்டம் நடக்கும். புயல் அடித்து ஓய்ந்தால் அந்த வாரக் கூட்டம் மாமல்லபுரம் கடற்கரையில். கடல் எதையாவது புரட்டிப் போட்டிருக்கும் என்று எல்லாரும் குனிந்தபடியே நடப்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கூட்டமே மூக்குத்தியைத் தொலைத்துவிட்டதுபோல இருக்கும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாரம் முழுக்க வீட்டில் இரண்டு குரல்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹால் நிறையச் செருப்பு, சத்தம், நீரோ நல்லவனா கெட்டவனா என்ற சண்டை. நான் உள்ளே போண்டா போட்டுக்கொண்டே கேட்பேன். அவருக்குக் கண்புரை வந்த பிறகு ரோமாபுரிச் சரித்திரம் முழுவதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். ஆகவே உள்ளேயிருந்தே ஆண்டுகளைத் திருத்துவதும் உண்டு.

அவர் போன பிறகு வீட்டில் ஒரே குரல். அதுவும் பால்காரருக்கு ஒரு வார்த்தை, கீரைக்காரிக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்ச வேண்டுமே என்பதுதான் என் ஒரே கவலை. அது மிஞ்சுவது சந்தேகமாக இருந்தது. ஏனென்றால் சங்க விதிகளை எழுதியவர் என் கணவர்.

கூட்டம் தலைவரின் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது ஒரு விதி. தலைவர் தன் வாரிசைத் தன் வாயால் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும் என்பது இன்னொன்று. தேர்தல் கிடையாது. ரோமாபுரியிலிருந்து எடுத்த விதி அது.

"நெர்வாவுக்குப் பிள்ளை இல்லை. டிராஜனைச் சுவீகாரம் எடுத்தான். டிராஜன் ஹாட்ரியனை எடுத்தான். தகுதி பாத்துத் தத்து எடுத்த வரைக்கும் ரோம் நன்னா இருந்தது. மார்கஸ் அரேலியஸ் பெத்த பிள்ளை கையிலே கொடுத்தான், கொமோடஸ்! அதோட குட்டிச்சுவர்" என்று அவர் மேஜையைத் தட்டிச் சொல்லுவார்.

இவ்வளவு தெரிந்தவர் தன் வாரிசு யார் என்று சொல்லவேயில்லை. கேட்டால், "இப்ப என்ன அவசரம்?" என்பார்.

பட்டத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மாலிக். திருப்போரூரில் டைல்ஸும் குளியலறைச் சாமானும் விற்கும் பெரிய கடை. ஒரு கூட்டத்தில் என் கணவர் அவர் தோளில் கைபோட்டு, "இவன் எனக்குச் சுவீகார புத்திரன் மாதிரி" என்று சொல்லியிருந்தார். அதில் 'மாதிரி'யை மட்டும் மாலிக் மறந்துவிட்டார். மற்றவன் கிரிதர், என் கணவரின் அண்ணா பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, முட்டுக்காட்டில் அடுக்குமாடி வீடு. கொள்ளி வைத்தவன் அவன்தான். அது போதாதா என்பது அவன் கட்சி.

மணி எந்தக் கட்சியும் இல்லை. எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். வாசல் பலகையைப் படித்துவிட்டு, நாணயம் என்றால் நேர்மை, இது ஊழலை எதிர்க்கும் சங்கம் என்று நினைத்து உள்ளே வந்தவன். முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, தெருவில் சாக்கடை மூடி திருடுபோனதைப் பற்றி ஆவேசமாகப் பேசினான். எல்லாரும் கைதட்டினார்கள். விஷயம் புரிந்த பிறகும் அவன் போகவில்லை. போண்டா காரணம் என்று மாலிக் சொல்லுவார்.

*

அஸ்தி கரைக்க மாமல்லபுரம் போனோம். நானும் வருகிறேன் என்றேன், யாரும் தடுக்கவில்லை. கிரிதர் கரையில் நின்று வாத்தியார் சொல்லச் சொல்ல மந்திரம் சொன்னான். கொஞ்சம் தள்ளி மாலிக் தலைகுனிந்து நின்றிருந்தார். துக்கம் என்று நினைத்தேன். மெல்லக் காலால் மணலைக் கிளறினார். குனிந்தார். எதையோ எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"இன்னா பாய், ரோமா?" என்றான் மணி.

"சோடா மூடிடா."

"பழசா?"

"போன வாரத்துது. மூடிகினு நில்லு, மந்திரம் சொல்லிகினு கீறாங்க."

"சாரு இருந்தா அவரும்தான் குனிஞ்சிருப்பாரு" என்றான் மணி. அது உண்மை. எனக்கு அங்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

திரும்பி வரும்போது வேனில் மாலிக் முன்சீட்டிலிருந்து திரும்பினார். "மாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. சாரு கடைசியா இன்னா சொன்னாரு?"

"மணியைப் பாத்துக்கோன்னார்" என்றேன். அதற்குமேல் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிண்ணம், ஒயர், உளுந்து எல்லாம் உள்ளேயே நின்றுவிட்டன.

மாலிக் மெதுவாகப் பின்சீட்டைப் பார்த்தார். கிரிதரும் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் மணி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எதற்குப் பார்க்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

*

எங்களவர் வழக்கத்தில் பதிமூன்றாம் நாள் காரியத்துக்குச் சுபஸ்வீகாரம் என்று பெயர். துக்கம் கழிந்து மங்கலத்தை ஏற்றுக்கொள்வது. கிரிதர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்: 'சித்தப்பா உப்பிலி அவர்களின் சுபஸ்வீகாரம், அவசியம் வரவும்.'

மாலிக் காலையிலேயே வந்தார். கஞ்சி மொடமொடக்கும் புது வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. கையில் பெரிய தட்டு. தட்டில் ஆப்பிள், பேரீச்சம்பழம், எனக்கு ஒரு புடவை, நடுவில் ஒரு ரோஜா மாலை. பின்னால் அவர் மனைவி ஷாஜாதி இன்னொரு தட்டோடு.

"சாரு வாக்கை நீங்க காப்பாத்திட்டீங்க மாமி" என்று தழுதழுத்தார். "எங்க உக்காரணும் நானு? கெழக்க பாத்தா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மாலைக்குக் கழுத்து அவருடையதே என்று தெரிந்ததும் புரிந்துவிட்டது.

"மாலிக், இது அந்தச் சுவீகாரம் இல்லைப்பா. சுபம்னா நல்லது. நல்லதை ஏத்துக்கறோம்னு அர்த்தம்."

"சரி மாமி. ஏத்துக்கோங்க."

"ஆளை இல்லை."

அவர் மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப என்னிய இல்லியா?"

"நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தான" என்று ஷாஜாதி பல்லைக் கடித்தாள். "மூணு தெருவுக்கு சொல்லிட்டு வந்துகீறாரு மாமி, ஐயர் வூட்ல தத்து எடுக்குறாங்கன்னு."

"பரவால்ல பாய், மாலைய சாரு படத்துக்குப் போட்டுரு" என்றான் மணி. போட்டார். அவரும் ஷாஜாதியும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அன்றைக்கு மாலிக்கின் பட்டம் பாதி போய்விட்டது. கிரிதர் பாயசம் பரிமாறும்போதே சக்கரவர்த்தி மாதிரி நடந்தான்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாரிசைத் தீர்மானிக்கக் கூட்டம். சங்கச் செயலாளர் செங்கல்வராயன் தலைமை தாங்கினார். போலீஸில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் யாராவது பேச எழுந்தால், "பேரு? அப்பா பேரு?" என்றுதான் ஆரம்பிப்பார்.

கிரிதர் லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினான். முட்டுக்காட்டில் அவன் குடியிருப்பின் பொது ஹால். ஏ.சி., பெரிய திரை, ஜன்னலுக்கு வெளியே படகுகள். "பார்க்கிங் இருக்கு. சித்திக்கும் இந்த வயசுல மாவு அரைக்கிற சிரமம் இல்லை. கேன்டீன்ல சொல்லிடலாம்."

என் வயதைப் பற்றி நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

"முட்டுக்காட்டுக்கு எவன் வருவான்? திருப்போரூர்ல என் ஷோரூம் மாடி காலியா கீது. பஸ்ஸு வாசல்ல நிக்கும்" என்றார் மாலிக். பிறகு குரலை உயர்த்தினார். "சாரு இன்னா சொல்லுவாரு? ரத்த சொந்தத்துக்குக் குடுத்தா ரோம் காலி! தம்பி, கோச்சுக்காத. நீ கொமோடஸ்!"

"நானா கமோடு? தினம் கமோடு விக்கறது யாரு?" என்று கிரிதர் எழுந்துவிட்டான்.

"கமோடு இல்லடா, கொமோடஸ்!"

"எதுவா இருந்தாலும் உங்க கடையிலதான் இருக்கு!"

"பேரு? அப்பா பேரு?" என்று செங்கல்வராயன் மேஜையைத் தட்டினார். ஹால் அடங்கியது. விதியைப் படித்தார். "தலைவர் வாயால பேர் சொல்லியிருக்கணும். சார் கடைசியா யார் பேரையாவது சொன்னாரா?"

மாலிக் கிரிதரைப் பார்த்தார். தனக்கு இல்லையென்றால் அவனுக்கும் இருக்கக் கூடாது என்று முகத்தில் எழுதியிருந்தது. "சொன்னாரு. மணின்னாரு. மாமியே சொன்னாங்க."

கிரிதர் ஒரு நிமிஷம் யோசித்தான். மணியைத் தலையாட்டி பொம்மையாக வைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்கும் தோன்றியிருக்கும். "ஆமாம். நானும் கேட்டேன்" என்றான். அன்று இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

"மணி எங்கே?" என்றார் செங்கல்வராயன்.

மணி என் சமையலறைத் திரைக்குப் பின்னால், கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு போண்டாவோடு நின்றுகொண்டிருந்தான். செங்கல்வராயன் திரையை விலக்கி, பழக்கதோஷத்தில் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"நான் ஒண்ணும் எடுக்கல சார்!"

"நீதான்டா தலைவர். வெளிய வா."

ரோமாபுரியில் ஒரு ராஜாவைக் கொன்ற அன்று, பயந்துபோய்த் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கிளாடியஸை ஒரு சிப்பாய் இப்படித்தான் இழுத்து வந்தான். அவரைத்தான் அடுத்த சக்கரவர்த்தி ஆக்கினார்கள். ஆனால் அவர் வாயில் போண்டா இருந்ததாக எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை.

வேனில் அவர்கள் எதற்குத் திரும்பிப் பார்த்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடி வந்தேன். "ஐயோ, அவர் சொன்னது இந்த மணி இல்லை. கடிகாரத்தைச் சொன்னார். காசு தண்ணியில கிடந்தது. நேரம் பாத்துக்கோன்னு அர்த்தம்."

"எந்தக் கடியாரம் மாமி?" என்றார் மாலிக்.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். எங்கள் ஹால் கடிகாரம் பெருமழையின்போது நின்றது. அதன்பின் ஓடவேயில்லை.

"நிக்கிற கடியாரத்தையா சாரு பாத்துக்க சொன்னாரு?"

"என் செல்போன்ல பாப்பேன்னு நினைச்சு சொல்லியிருப்பார்."

"அப்ப செல்ல பாத்துக்கோன்னு இல்ல சொல்லிருக்கணும்?"

"சித்தி, உங்க பெருந்தன்மை புரியறது" என்றான் கிரிதர். உண்மையைச் சொல்லி இவ்வளவு பாராட்டு வாங்கியது அதுவே முதல் தடவை. செங்கல்வராயன் எழுதிவிட்டார்: தலைவர், மணி.

"அடுத்த விதி" என்றார். "கூட்டம் தலைவர் வீட்ல. மணி, வூடு எங்க?"

"கருங்குழி சார். எங்க வூட்லயா? ஒரே ரூமு. சம்சாரம், மாமியாரு, தையல் மிஷினு, ரெண்டு ஆடு. இவங்கள்லாம் வந்தா மாமியார வெளிய கட்டணும்."

"அப்ப என் ஷோரூம்" என்றார் மாலிக் உடனே.

"அப்ப எங்க ஹால்" என்றான் கிரிதர் அதைவிட உடனே.

மறுபடியும் ஆரம்பித்தார்கள். பஸ், ஏ.சி., படகு. இரண்டில் எது ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டைவிட்டுப் போகிறது. காலி போண்டாத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினேன். எடுத்து வைக்க வேண்டிய தட்டுகள் இன்னும் நிறைய இருந்தன. ஒன்றோடு ஒன்று இடித்துச் சத்தம் போட்டன.

"இருங்க" என்றான் மணி. போண்டாவை விழுங்கிவிட்டான். "நான் தலைவரா இல்லியா?"

"ஆமா" என்றார்கள்.

"சாரு இன்னா சொன்னாரு? மணியைப் பாத்துக்கோன்னாரு. யாராண்ட சொன்னாரு?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பாய் ஆண்ட சொன்னாரா? இல்ல. கிரி சார் ஆண்ட சொன்னாரா? அதுவும் இல்ல. மாமியாண்ட சொன்னாரு. மாமிதான் என்னைப் பாத்துக்கணும். என்னை பாத்துக்கறவங்க வூட்லதான நான் இருக்கணும்? அப்ப அதான் தலைவர் வூடு. கூட்டம் இங்கதான் நடக்கும். மாமி, இன்னும் ரெண்டு போண்டா கீதா?"

செங்கல்வராயன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "பாயின்டு" என்றார்.

"என்ன பாயின்ட்? நாற்பது வயசு ஆளுக்குக் கார்டியனா?" என்று கிரிதர் கத்தினான். "விதியில எங்கே இருக்கு?"

"விதியில இல்ல தம்பி, ரோமுல கீது" என்றார் மாலிக். தோற்றதில் அவருக்கு இப்போது வருத்தம் தெரியவில்லை. "ராஜாவ பாத்துக்கினு பின்னாடிலேருந்து ஆண்டவங்க. நீரோவோட அம்மா, அக்ரிப்பினா! காசுல ராஜா மூஞ்சிக்கு எதிர்க்க அந்தம்மா மூஞ்சி போட்டுருக்கும்." சட்டென்று நிறுத்தினார். தன் தட்டிலிருந்த போண்டாவைப் பிட்டு உள்ளே உற்றுப் பார்த்தார். "அவங்கதான புருஷன் கிளாடியஸுக்குக் காளான்ல வெஷம் வச்சது? மாமி, இதுல காளான் இல்லியே?"

ஹால் முழுக்கச் சிரித்தது. கிரிதரும் கடைசியில் சிரித்துவிட்டு லேப்டாப்பை மூடினான். செங்கல்வராயன் எழுதியதை அப்படியே நினைவிருக்கிறது: 'தலைவர் மணி. மணியைப் பாத்துக்கொள்பவர் கோதை அம்மாள். கூட்டம் வழக்கம்போல.'

எல்லாரும் போன பிறகு மணி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே நின்றான்.

"மாமி, கடியாரம்தான். எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சாரு என்னை மணின்னு ஒரு நாளும் கூப்ட்டதில்ல மாமி. 'ஏய் ஃப்ளெக்ஸு'ன்னுதான் கூப்டுவாரு."

ஆமாம். அது எனக்கே நினைவில் இல்லை. அப்படியானால் மாலிக்குக்கும் தெரிந்திருக்குமே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து, மறுவாரத்துக்கு உளுந்து இருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்தேன்.

அந்தத் தேய்ந்த காசைச் சங்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். 'யாரென்று தெரியாத ராஜா' என்று ஃப்ளெக்ஸில் அச்சடித்து ஒட்டியது மணி. கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சென்ற வாரம் நீரோவுக்கு ஆதரவாகக் கிரிதர் பேசினான், எதிர்த்து ஷாஜாதி பேசினாள். அவளும் இப்போது உறுப்பினர். உள்ளேயிருந்து நான் இரண்டு ஆண்டுகளைத் திருத்தினேன்.

ரோமாபுரிக்காரன் அத்தனை பொன்னையும் கப்பலில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து கொட்டியது முக்கியமாக நம் ஊர் மிளகுக்காகத்தான் என்று மாலிக் மணிக்கணக்காகப் பேசுவார். பேசிக்கொண்டே என் போண்டாவிலிருந்து மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறார்.